தெசலோனிக்கி யூதக் கல்லறைத் தோட்டம்: 86 ஏக்கர் கற்கள் போன வழி

கிரேக்க நாட்டின் வடக்கே உள்ள துறைமுக நகரம் தெசலோனிக்கி. அங்கே இருந்த யூதக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் "1942ல் நாஜிகள் இடித்தார்கள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். அதில் ஆண்டு சரி. யார் இடித்தது என்பதில்தான் சிக்கல். கடப்பாரையோடு உள்ளே இறங்கிய 500 கூலியாட்களை அனுப்பியது ஜெர்மன் ராணுவம் இல்லை, தெசலோனிக்கி மாநகராட்சி. மாநகராட்சிக்கு மேலே இருந்தது மாசிடோனியா என்ற கிரேக்க மாகாணத்தின் ஆளுநர் அலுவலகம். ஜெர்மன் அதிகாரி சரி என்று தலையாட்டாமல் இது நடந்திருக்காதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தின் மேல் ஊரின் கண் விழுந்தது ஜெர்மன் படை வருவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே. நான் இங்கே பார்க்கப்போவது அந்த இருபது வருஷத்தையும், இடித்த பிறகு கற்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்பதையும்தான்.

ஊரும் இடுகாடும்

பைபிள் வாசிப்பவர்களுக்கு இந்த ஊர் பழக்கமானதுதான். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபங்கள் இந்த ஊர்க்காரர்களுக்குப் போனவை. அவர் இங்கே வந்தபோது யூதர்களின் ஜெப ஆலயத்தில் போய்ப் பேசினார் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. அதாவது முதல் நூற்றாண்டிலேயே இங்கே யூதர்கள் இருந்தார்கள். ஆனால் ஊரின் முகத்தை மாற்றியவர்கள் அவர்கள் இல்லை. 1492ல் ஸ்பெயின் தன் யூதர்கள் எல்லாரையும் நாட்டைவிட்டு விரட்டியபோது ஒட்டோமான் சுல்தான் அவர்களை வரவிட்டார், அதில் பெரிய கூட்டம் இங்கே வந்து குடியேறியது. வந்தவர்கள் பழைய ஊர்ப் பெயரை விடவில்லை. அரகோன், காஸ்தில்யா, கத்தலோனியா, லிஸ்பன் என்று தாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயரிலேயே தனித்தனி ஜெப ஆலயங்கள் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பேசியது 15ஆம் நூற்றாண்டு ஸ்பானிய மொழியின் ஒரு வடிவம், லதீனோ. 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் அதுதான் சந்தையிலும் துறைமுகத்திலும் ஓடியது. கம்பளி நெய்தார்கள், சுல்தானின் ஜானிசரிப் படைக்கு உடுப்புத் துணி இங்கிருந்துதான் போனது. துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் என்பதால் அவர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை துறைமுகமே ஓய்வெடுக்கும்.

கிரேக்க அரசு 1913ல் எடுத்த கணக்கில் ஊரின் மக்கள்தொகை 1,57,889. அதில் யூதர்கள் 61,439, முஸ்லிம்கள் 45,867, கிரேக்கர்கள் 39,956. நன்றாகக் கவனியுங்கள், கிரேக்கர்கள் மூன்றாம் இடம். இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடப்பதில் பாதி தானாகவே புரியும்.

இத்தனை பேர் நானூற்று ஐம்பது வருஷமாக வாழ்ந்த ஊரில் இறந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கிழக்குக் கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டம் சுமார் 3,50,000 சதுர மீட்டர், நம் கணக்கில் 86 ஏக்கருக்கு மேல். அதில் 3 லட்சம் முதல் 5 லட்சம் கல்லறைகள் வரை இருந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய யூத இடுகாடுகளில் ஒன்று. ஒட்டோமான் உலகம் முழுக்கத் தீர்ப்புகளுக்காகத் தேடிப்போன சட்ட அறிஞர் சாமுவேல் டி மெதினா 1589ல் இந்த ஊரில்தான் இறந்தார். அவரைப் போன்ற ரபிகளும் (யூத மதகுருக்கள்) அங்கே கிடந்தார்கள், பக்கத்திலேயே பெயர் தெரியாத சுமைகூலிகளும் கிடந்தார்கள்.

பழைய படங்களைப் பார்த்தால் மரமும் பாதையுமாக ஒழுங்குபடுத்தின இடுகாடு மாதிரி இருக்காது. கற்கள் நெருக்கமாக, பெரும்பாலும் படுக்கைவசத்தில், கண்ணுக்கெட்டின தூரம் வரை பரந்து கிடக்கும். வேலி பல இடங்களில் இல்லை, ஆடு மேயும், குறுக்குவழியாக ஜனங்கள் நடந்துபோவார்கள். இதையே பின்னால் "பராமரிப்பில்லாத தரிசு" என்று எதிராகத் திருப்பினார்கள்.

கற்களின் கதையில் இன்னொரு மடிப்பும் உண்டு. அந்தக் கிழக்குப் பக்கம் ரோமர் காலத்திலும் இடுகாடாக இருந்தது. அங்கே கிடைத்த பழைய சலவைக்கற்களை யூதர்கள் எடுத்து, மறுபக்கத்தில் எபிரேய எழுத்து பொறித்துத் தங்கள் கல்லறைகளுக்கு வைத்திருந்தார்கள். ஒரே கல்லில் ஒரு பக்கம் கிரேக்கக் கல்வெட்டு, இன்னொரு பக்கம் எபிரேயம். 1942ல் எந்தப் பக்கத்துக்கு மதிப்பு கிடைத்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நிலத்தின் மேல் விழுந்த கண்

1912ல் ஊர் ஒட்டோமான் கையிலிருந்து கிரேக்கத்தின் கைக்கு வந்தது. 1917 ஆகஸ்டில் பெரிய தீ. ஊரின் நடுப்பகுதி முழுக்க எரிந்து 70,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள், அவர்களில் 50,000 பேருக்கு மேல் யூதர்கள். எரிந்த இடத்தில் பழையபடி கட்ட விடாமல் அரசாங்கம் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் எப்ரார்டை வைத்துப் புதிய நகர வரைபடம் போட்டது. அந்த வரைபடத்தில் கோட்டைச் சுவருக்குக் கிழக்கே பல்கலைக்கழகம் வந்தது, பூங்கா வந்தது. கல்லறைகள் கிடந்த இடத்தில்தான். 1923ல் துருக்கியோடு மக்கள் பரிமாற்றம் நடந்தது: முஸ்லிம்கள் வெளியே போனார்கள், ஆசியா மைனரிலிருந்து கிரேக்க அகதிகள் லட்சக்கணக்கில் நாட்டுக்குள் வந்தார்கள், அவர்களில் ஒரு பெரும் பகுதி இந்த ஊருக்கே வந்தது. ஊர் கிழக்கே வளர, நடுவில் இந்த 86 ஏக்கர்.

நியாயமாகப் பேசினால் நகர வளர்ச்சிக்கு இது ஒரு நிஜமான இடைஞ்சல்தான், அதைச் சும்மா சாக்கு என்று தள்ளிவிட முடியாது. வேறு பல நகரங்களிலும் பழைய இடுகாடுகள் பூங்காவாகவும் சாலையாகவும் மாறியிருக்கின்றன. ஆனால் யூத மதத்தில் கல்லறை நிரந்தரம். சில வருஷம் கழித்து எலும்பை எடுத்துவிட்டு இடத்தை மறுபடி பயன்படுத்துவது கிரேக்க கிறிஸ்தவ இடுகாடுகளில் சாதாரண வழக்கம், யூதர்களுக்கு அது முடியாத காரியம். இரண்டு பக்கமும் வேறு வேறு அளவுகோலோடு பேசினார்கள். அதற்கு மேல் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே எவாங்கெலிஸ்த்ரியா என்ற கிறிஸ்தவ இடுகாடு இருக்கிறது, அது இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. நகர வளர்ச்சி அதை விழுங்கவில்லை.

பல்கலைக்கழகம் 1925ல் சட்டப்படி உருவாகி 1926ல் பாடம் தொடங்கியது. சீக்கிரமே கல்லறைகளை ஒட்டியிருந்த பழைய ஒட்டோமான் பள்ளிக் கட்டடத்துக்குக் குடிபோனது. அதற்கப்புறம் வருஷா வருஷம் மனு, பத்திரிகைத் தலையங்கம், பேச்சுவார்த்தை. 1931 ஜூனில் கேம்பல் என்ற ஏழை யூதக் குடியிருப்பை ஒரு தேசியவாதக் கும்பல் கொளுத்தியது, ஊரின் காற்று எப்படி அடித்தது என்பதற்கு அது ஒன்று போதும். 1937ல் கிரேக்க சர்வாதிகாரி மெட்டாக்சாஸின் ஆட்சியில் ஒரு சமரசம் வந்தது: தோட்டத்தின் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுப்பது, மீதியைத் தோப்பாக்கி அப்படியே வைத்திருப்பது, புதிய இடுகாட்டுக்கு வேறு இடம். யூத சமூகம் கையைப் பிசைந்துகொண்டு ஒப்புக்கொண்டது. இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள்.

ஐசக் இம்மானுவேல் என்ற ரபியும் மைக்கேல் மோல்கோ என்ற ரபியும் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுத்துகளைப் பிரதி எடுத்தது இந்த வருஷங்களில்தான். இன்றைக்கு அந்தக் கற்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த இரண்டு பேர் கையால் எழுதி வைத்தது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை

ஜெர்மன் படை 1941 ஏப்ரல் 9ல் ஊருக்குள் வந்தது. முதல் ஒரு வருஷம் பட்டினியும் கொள்ளையுமாகப் போனது. 1942 ஜூலை 11, சனிக்கிழமை, 18 முதல் 45 வயது வரையுள்ள யூத ஆண்கள் சுமார் 9,000 பேரை எலெஃப்தேரியாஸ் சதுக்கத்தில் வெயிலில் நிறுத்தினார்கள். தொப்பி போடக்கூடாது, உட்காரக்கூடாது, மயங்கினவனுக்கு அடி. பெயர் பதிந்து சாலை போடவும் விமான தளம் கட்டவும் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். மலேரியாவிலும் பசியிலும் ஆட்கள் செத்துவிழத் தொடங்கியதும் சமூகத் தலைவர்கள் ஜெர்மன் ராணுவ நிர்வாகத்தின் சிவில் பிரிவுத் தலைவர் மாக்ஸ் மெர்ட்டனிடம் போனார்கள். தொழிலில் வக்கீல். பணம் கொடுத்தால் விடுகிறேன் என்றார். கேட்டது 350 கோடி திராக்மா (அன்றைய கிரேக்க நாணயம்). திராக்மாவின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்த காலம், ஆனாலும் பட்டினியில் இருக்கும் ஒரு சமூகத்துக்கு அது மலைதான். பேரம் பேசி 250 கோடிக்கு இறங்கினார்.

இந்தப் பேரத்தின் நடுவில்தான் கல்லறைத் தோட்டம் மேசைக்கு வருகிறது. குறைத்த தொகைக்கு ஈடாகத் தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று பல பதிவுகள் சொல்கின்றன. கேட்க ஒரு கணக்கு மாதிரி பொருந்துகிறது. ஆனால் ஜெர்மன் ராணுவத்துக்கு அந்த நிலத்தால் என்ன பயன்? வேண்டியிருந்தது உள்ளூர் நிர்வாகத்துக்கு. ஆளுநர் வசிலிஸ் சிமோனிடிஸ், மாநகராட்சி, பல்கலைக்கழக வரைபடம் எல்லாம் ஒரே திசையில் நின்றன. யூதர்களின் சட்ட ஆலோசகராக இருந்த யோம்தோவ் யாகோயெல் தலைமறைவாக இருந்தபோது எழுதிய நினைவுக் குறிப்புகள் இந்த நாட்களுக்கு நேரடிச் சாட்சி (எழுதி முடிப்பதற்குள் பிடிபட்டார், 1944ல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் உயிர் போனது). மெர்ட்டனின் அனுமதியை உள்ளூர் நிர்வாகம் கேட்டுப் பெற்றது என்றே நான் இதைப் படிக்கிறேன். ஜெர்மன்காரனுக்கு அது செலவில்லாத பரிசு. ஒரே வீச்சில் கிரேக்க அதிகாரிகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார், யூதர்களை இன்னும் கொஞ்சம் தனிமைப்படுத்தினார்.

அக்டோபரில் உத்தரவு வந்தது: கல்லறைகளைப் புதிய இடங்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாங்கள் இடிப்போம். லட்சக்கணக்கான கல்லறைகள். ஆண்களில் பலர் கட்டாய வேலையில். குளிர்காலம் வாசலில். சமூகம் அவகாசம் கேட்டது, கிடைக்கவில்லை. வெகு சில குடும்பங்கள்தான், அதுவும் அண்மையில் இறந்தவர்களின் எலும்புகளை மட்டும், ஸ்தாவ்ரூபோலியில் ஒதுக்கிய புதிய இடுகாட்டுக்கு மாற்ற முடிந்தது.

டிசம்பர் 6ல் வேலை தொடங்கியது. சில வாரங்களில் அந்த 86 ஏக்கரும் குண்டு விழுந்த ஊர் மாதிரி ஆனது. மேலே கிடந்த கற்களைப் பெயர்த்தார்கள், செங்கல் கட்டிய கல்லறைகளை உடைத்தார்கள், எலும்புகள் வெளியே சிதறின. தங்கப் பல் தேடி மண்டையோடுகளைக் கிளறினவர்களும் இருந்தார்கள். உறவினர்கள் ஓடிவந்து கையில் அகப்பட்டதைப் பொறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடிப்பு 1942 டிசம்பர். ஆஷ்விட்ஸுக்கு முதல் ரயில் 1943 மார்ச் 15. இறந்தவர்களை அகற்றி நூறு நாள்கூட ஆகவில்லை, உயிரோடு இருந்தவர்களை அகற்றத் தொடங்கினார்கள். அந்த ஆகஸ்டுக்குள் 19 ரயில்களில் 45,000 பேருக்கு மேல் போனார்கள். போனவர்களில் திரும்பினவர்கள் மிகச் சொற்பம். போருக்குப் பின் ஊரில் மிஞ்சிய யூதர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு.

கல் போன வழி

இனி கற்கள். இந்த வழக்கில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது இதுதான்.

போர்க்காலத்தில் கட்டடப் பொருளுக்குக் கடும் தட்டுப்பாடு. திடீரென்று லட்சக்கணக்கில் நல்ல சலவைக்கல், செங்கல், வெட்டுக்கல் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. அந்த நிலம் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடை மாதிரி ஆகிவிட்டது. மாநகராட்சி விற்றது, இலவசமாகவும் கொடுத்தது. கேட்டு எழுதியவர்களில் தேவாலயம், பள்ளி, அரசு அலுவலகம், தனியார் எல்லாரும் உண்டு. ஜெர்மன் ராணுவமும் தன் பங்கை எடுத்து நீச்சல் குளம் கட்டியது. கல்லறைக் கற்களால் பாவிய அந்தக் குளத்தின் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அரச நாடக அரங்கத்துக்கு முன்னால் தரை பாவினார்கள். கடலோரப் படகு கிளப்புக்குப் போனது. வீட்டு முற்றங்களுக்கு, படிக்கட்டுகளுக்கு, நடைபாதைகளுக்கு, கழிப்பறைகளுக்குக்கூடப் போனது.

ஊரின் காவல் புனிதர் தெமேத்ரியுவின் தேவாலயம் 1917 தீயில் எரிந்தது. அதை மீண்டும் கட்டி முடித்தது 1949ல். அந்தக் கட்டுமானத்துக்கும் யூதக் கல்லறைச் சலவைக்கல் போனது. இன்றைக்கு அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம், 1988லிருந்து. அதன் முற்றத்தில் எபிரேய எழுத்துள்ள துண்டுகளைப் பார்த்துப் படமெடுத்தவர்கள் பலர்.

தொல்லியல் துறையும் வந்தது. ஒரே கல்லில் இரண்டு பக்கம் எழுத்து என்று மேலே சொன்னேன் அல்லவா? கிரேக்க எழுத்துள்ள, ரோமர் காலத்துச் சிற்பமுள்ள கற்களைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். ஊரின் பழைய கிரேக்கக் கல்வெட்டுகளில் ஒரு நல்ல பங்கு இப்படி இடிபாட்டிலிருந்து மீட்டதுதான், அறிவுலகத்துக்கு அது லாபம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கண்களுக்கு எபிரேயப் பக்கம் கல்வெட்டாகவே படவில்லை. 15ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்ச்சியாக எழுதப்பட்ட ஒரு ஊரின் பதிவேடு அது: பெயர், தகப்பன் பெயர், தேதி, சில சமயம் தொழில், எந்த நோயில் போனார் என்பது வரைக்கும்.

அப்படிப்பட்ட ஒரு கல்லை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். எழுத்துகளைப் பல கற்களில் குழியாக வெட்டாமல், சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எழுத்து மேலே நிற்கும்படி செய்திருப்பார்கள். ஓரத்தில் கொடியோ பூவோ ஓடும். ஆண்டை எண்ணில் போடாமல் எழுத்தில் போடுவார்கள், ஒவ்வொரு எபிரேய எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஷின் என்றால் 300, கிமல் என்றால் 3. இரண்டும் சேர்ந்திருந்தால் 303. ஆயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம் என்பதால் உண்மையான யூத ஆண்டு 5303. 303ஓடு 1240ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும்: 1543. (யூதப் புத்தாண்டு இலையுதிர்காலத்தில் வருவதால் 1542 கடைசியாகவும் இருக்கலாம்.) அதாவது ஸ்பெயினிலிருந்து வந்தவர்களின் பிள்ளை தலைமுறை. நடைபாதையில் கிடக்கும் ஒரு உடைந்த துண்டில் இந்த இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தாலும் இவ்வளவு சொல்லும். ஆள் யார் என்பது உடைந்த அடுத்த பாதியோடு போய்விட்டது.

பொறுப்பும் இழப்பீடும்

போர் முடிந்தது, கற்கள் போவது நிற்கவில்லை. திரும்பி வந்த சொற்ப யூதர்கள் தங்கள் தாத்தா பாட்டியின் கற்களைக் கல் வெட்டுபவர்களின் களத்தில் குவியலாகப் பார்த்தார்கள். புகார் கொடுத்தார்கள். அங்கங்கே சில மீட்கப்பட்டு ஸ்தாவ்ரூபோலிக்குப் போயின. நிலத்தில் பல்கலைக்கழகம் கட்டடத்துக்கு மேல் கட்டடமாக வளர்ந்தது. அங்கே முன்பு என்ன இருந்தது என்று சொல்லும் ஒரு பலகைகூடப் பல பத்தாண்டுகளுக்கு இல்லை.

மெர்ட்டன் தைரியமாக 1957ல் கிரேக்கத்துக்கே திரும்பி வந்தார், கைதானார். 1959ல் 25 வருஷம் சிறை என்று தீர்ப்பு. அதே வருஷம் விடுவித்து மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குக் கிரேக்கத்துக்கு ஜெர்மன் கடனும் வர்த்தகமும் வேண்டியிருந்தது. 1971ல் இறக்கும்வரை சுதந்திரமாகவே இருந்தார். ஒரே ஒரு ஜெர்மன் வக்கீல் மேல் முழுப் பழியும் நின்றது கிரேக்கத் தரப்புக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். மெர்ட்டன் வில்லன் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் கற்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனவர்களின் விலாசம் எல்லாம் உள்ளூர் விலாசம்.

கிரேக்க அரசு அந்த நிலத்துக்கு இழப்பீடு என்று சட்டம் போட்டது 2011ல், சுமார் 1 கோடி யூரோ. நாடு கடனில் மூழ்கிக்கொண்டிருந்த வருஷம் என்பதை நினைத்தால் சின்ன விஷயமில்லை. இடித்த நாளிலிருந்து 69 வருஷம் என்பதை நினைத்தால் பெருமைப்படவும் ஒன்றுமில்லை.

ஊரின் மௌனத்தை உடைத்தவர்களில் அன்றைய மேயர் யானிஸ் பூத்தாரிஸ் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஒயின் வியாபாரி, வாய்க்குப் பூட்டுப் போடாதவர். 2014ல் இரண்டாவது முறை பதவியேற்றபோது, நாடாளுமன்ற அளவுக்கு வளர்ந்திருந்த நவநாஜிக் கட்சிக்கு எதிர்ப்பாக, நாஜிகள் யூதர்களைக் கட்டாயப்படுத்தி அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நின்றார். அந்த நவம்பரில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நினைவுச் சின்னம் திறந்தார்கள்: புல்தரை, அதில் உடைந்த கல்லறைத் துண்டுகள், யூதர்களின் அடையாளமான ஏழு கிளை விளக்கு. இந்த ஊர் இவ்வளவு காலம் வாய்மூடி இருந்ததற்கு வெட்கப்படுகிறது என்று பூத்தாரிஸ் அங்கே வெளிப்படையாகப் பேசினார். 2019 ஜனவரியில் யாரோ வந்து அந்தச் சின்னத்தின் சலவைக்கற்களை உடைத்தார்கள். செப்பனிட்டு வைத்தார்கள்.

கற்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. 2012 டிசம்பரில் ஊரில் ஒரு மனையில் புதைத்து வைத்திருந்த 668 துண்டுகளைப் போலீஸ் கண்டெடுத்தது. பழைய வீட்டை இடிக்கும்போது, தெருவைத் தோண்டும்போது ஒன்றிரண்டு கிடைப்பது புதிதில்லை. போகிறவர்கள் முதலில் அயீயு மினா தெருவில் இருக்கும் யூத அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1904ல் கட்டிய கட்டடம், 1917 தீக்குத் தப்பியது. தரைத்தளத்திலேயே மீட்ட கற்களும், இடிப்பதற்கு முந்தைய தோட்டத்தின் படங்களும் இருக்கின்றன. அந்தப் படங்களை நன்றாகப் பார்த்துவிட்டு வளாகத்துக்குப் போனால் எந்தக் கட்டடம் எதன் மேல் நிற்கிறது என்று பிடிபடும். அப்புறம் ஸ்தாவ்ரூபோலி, அங்கே இன்றைக்கும் அடக்கம் நடக்கிறது.